வளைவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, திருப்பூர், கோவை, சிங்கப்பூர் ஊர்ச் சங்கங்களின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் கடைவீதி மெடிக்கல் கடைக்காரன் எழுதிக்கொள்வது. வணக்கம்.

வருகிற பங்குனித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு ஒன்றுக்கு, அதாவது குடும்பம் ஒன்றுக்கு, 5,000 ரூபாய் என்று வரி பேசி முடித்திருக்கிறீர்கள். திருவிழாச் செலவு போக மிஞ்சுவதில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நுழைவு வளைவு கட்டுவதாகவும் முடிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. இந்த ஆண்டு அதைக் கட்ட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். குழுவில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. தவிர, சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊரைப் போலவே இன்னும் எத்தனையோ சின்ன ஊர்கள் இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

நான் கடை திறந்தது 1994-ல். அப்போது கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் கிரைப் வாட்டர், பால் பாட்டில், குழந்தைப் பவுடர் இருக்கும். பிரஷர் மாத்திரையெல்லாம் பின்னால், தேடி எடுக்கிற இடத்தில். இன்று முன்வரிசையில் இருப்பது பெரியவர்களுக்கான டயப்பர், முட்டிக்குப் போடும் பட்டை, கண் சொட்டு மருந்து, மலச்சிக்கல் மருந்து. கிரைப் வாட்டர் இரண்டு பாட்டில் வாங்கி வைத்தால் ஒன்று தேதி முடிந்து திரும்பப் போகிறது. நானாக யோசித்து இந்த அலமாரியை மாற்றவில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே முப்பது வருடத்தில் அது மாறிவிட்டது.

மாநிலக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2031-ல் அது 18-ஐத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற இடத்துக்கு 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலேயே நாம் வந்து சேர்ந்துவிட்டோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளை போதும் என்று நம் அம்மாக்கள் முடிவு செய்ததால்தான் நீங்களும் நானும் படித்தோம். ஆனால் சராசரி என்பது சென்னையையும் நம் ஊரையும் ஒன்றாகக் கலந்து சொல்கிற கணக்கு. பிள்ளைகள் குறைந்ததும், இருந்த பிள்ளைகள் கிளம்பிப் போனதும் ஒரே இடத்தில் வந்து விழுந்தது இந்தச் சின்ன ஊர்களில்தான். என் தெருவில் 31 வீடு. 12 வீடு பூட்டிக் கிடக்கிறது. 11 வீட்டில் ஒற்றை ஆள். அந்தப் பதினொரு பேரில் 9 பேர் பெண்கள்.

வெளியே போய்ப் பிழைப்பது நமக்குப் புதிதில்லை. மழை பெய்து கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை என்ற மண் இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். ஆனால் அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டும் போனார்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். காசு வந்தது, ஊரும் நிறைந்திருந்தது. இப்போது குடும்பத்தோடு போகிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது, வேறு வழியும் இல்லை. என் மகளும் கோவையில்தான் இருக்கிறாள். அதனால் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

தலைக்கட்டு வரி நோட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண் என்றால் அரை. பெரியவர்கள் இரக்கப்பட்டுத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த நோட்டில் முழுத் தலைக்கட்டுகளில் பாதிப் பேருக்கு மேல் இன்று வெளியூரில். ஊரில் விளக்கேற்றிக் கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அந்த அரைத் தலைக்கட்டுகள். இந்த ஊரை இப்போது நடத்துவது அவர்கள்தான். திருவிழா நாளில் மட்டும் வருகிற உங்கள் கண்ணுக்கு இது தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. அன்றைக்கு ஊர் நிறைந்துதானே இருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டு வருடமாகத் தேருக்குப் பின்னால் ஜேசிபி நின்று தள்ளுகிறது. முளைப்பாரி தூக்கப் பெண் பிள்ளைகள் போதாமல் அறுபது வயதுக்காரிகள் தலையில் வைத்து நடந்ததையும் போன பங்குனியில் பார்த்தீர்கள்.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது உங்களில் ஒருவர் வீட்டில் நடந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முந்தின வருடம் கார்த்திகை மாதம், இரவு 11 மணி. கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சிங்கப்பூரிலிருந்து போன். "அண்ணே, அம்மா கூடத்துல விழுந்து கிடக்கு. கேமராவுல தெரியுது. கூப்பிட்டா பதில் இல்ல" என்றார். அங்கே மணி நள்ளிரவு ஒன்றரை. ஓடிப் போனால் கதவு உள்ளே தாழ்ப்பாள். நானும், பரோட்டாக் கடையில் வேலை பார்க்கிற பீகார்த் தம்பியும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தோம். எனக்கு 58 வயது. அந்தத் தெருவில் குடியிருக்கிற ஆண்களில் சுவர் ஏறக்கூடியவன் நான் ஒருவன்தான்.

எனக்கு அத்தை முறையான அந்த அம்மாவுக்கு நினைவு இருந்தது. காலை அசைக்க முடியவில்லை. 108 அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வண்டியில் கூட ஒருவர் ஏற வேண்டுமே, ஏறினேன். மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்தில் 'ஊர்க்காரர்' என்று எழுதினேன். அப்படியெல்லாம் எழுதக் கூடாது, உறவை எழுதுங்கள் என்றார்கள். அதை அடித்துவிட்டு 'அண்ணன் மகன் முறை' என்று எழுதிக் கொடுத்தேன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது என்றார் மருத்துவர். ஆனால் கையெழுத்துப் போடப் பெற்ற பிள்ளை வர வேண்டும் என்றார்கள். அவருக்கு லீவும் டிக்கெட்டும் கிடைத்து வந்து சேர மூன்றாம் நாள் மதியம் ஆகிவிட்டது. அதுவரை நான் வார்டில் இருந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. இன்சுலினுக்கு வந்தவர்கள் 28 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய் வாங்கினார்கள்.

அந்த மகனிடம் ஒரு குறையும் இல்லை. நாளுக்கு இருபது தடவை பேசினார். கேட்பதற்கு முன்பே பணம் வந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க 2007-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரும் சட்டம் அது. நம் ஊரில் யாரும் அந்த மனுவை எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவையும் வந்ததில்லை. முதல் தேதி ஆனால் பணம் வந்துவிடுகிறது. சுவர் ஏறவும், வண்டியில் கூட ஏறவும், ராத்திரி வார்டில் உட்காரவும்தான் ஆள் இல்லை.

அத்தை வீடு திரும்பினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் மட்டும் நடந்தார். ஏழு மாதம் கழித்து ஆனியில் காலமானார். ஐஸ் பெட்டியில் வைத்து மகனுக்காக ஒன்றரை நாள் காத்திருந்தோம். அவர் கொள்ளிச் சட்டி எடுத்து முன்னால் நடக்க வேண்டும். பாடைக்கு நாலு தோள் வேண்டும். தெருவில் மூன்று பேர்தான் தேறினோம். நாலாவது தோள் அந்தப் பீகார்த் தம்பியுடையது. யாரும் கூப்பிடவில்லை. கடையில் சொல்லிவிட்டு அவனாகவே வந்து நின்றான்.

அரசாங்கம் கைவிட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம் ஊருக்கும் வந்தது; பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. என் கடையில் அந்த மாத்திரைகளின் வியாபாரம் குறைந்தது. அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்தான், ஏனென்றால் அதற்கு முன்பு காசுக்காக மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் முதியவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது.

எல்லாம் வாசல் வரை வந்துவிடுகிறது. வாசலுக்கு உள்ளே நடப்பது வேறு. அரசு கொடுத்த பிரஷர் மாத்திரை ஒரு பெயரில் இருக்கும். சென்னையில் மகள் காட்டிய டாக்டர் எழுதிக்கொடுத்தது இன்னொரு பெயரில் கூரியரில் வரும். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே அம்லோடிபின். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது தலை சுற்றி விழுகிறார்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒருத்திக்காக அடுப்பு பற்ற வைப்பானேன் என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் விடிகாலையில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் சரியாகிவிடுகிற விஷயம் அது. அந்த ஒருவர் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. மாதக் கடைசியில் மாத்திரை டப்பாவைக் கடைக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நடக்க முடிந்தவர்கள் கொண்டுவருகிறார்கள்.

முதியோர் மருத்துவத்துக்கு என்று இந்தியாவிலேயே முதல் பிரிவு 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாயிற்று. நமக்குப் பெருமைதான். ஆனால் நம் அப்பத்தாக்களுக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியே தூரம். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஏறும் படி முழங்கால் உயரம். சென்னை மாநகரப் பஸ்ஸில் 60 வயதான எவருக்கும் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. இங்கே இருக்கிற தாத்தாக்களுக்கு அது கிடையாது. 2020-ல் ரயிலிலும் மூத்தவர்களுக்கான சலுகையை நிறுத்திவிட்டார்கள். இதற்கெல்லாம் தனியாக மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

மெஸ் அக்காவைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோவில் சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருக்கே 66 வயது. தனியாக இருக்கும் 14 பேருக்குக் காலையில் இட்லி, மதியம் குழைந்த சாதம், மிளகு ரசம், காரம் குறைத்த ஒரு காய். நடக்க முடியாத ஆறு பேருக்கு அவரே தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொடுக்கும்போது கதவைத் தட்டுவார், முகத்தைப் பார்ப்பார், நேற்று வைத்த பாத்திரம் கழுவியிருக்கிறதா என்று கவனிப்பார். யாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி எனக்கு வருவது அவர் மூலமாகத்தான். போன ஐப்பசியில் நாலு நாள் அவருக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் காலை, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிஸ்கட் வாங்க வந்த ஐயா ஒருவர் என் கடைப் படியிலேயே மயங்கிச் சாய்ந்தார். ஓர் ஊரில் 14 வயிறும் ஒரே ஒரு அக்காவின் உடல்நலத்தை நம்பியிருக்கிறது. அவர் இன்னும் எத்தனை வருடம் தூக்குவாளி தூக்குவார்?

இந்த இடத்தில் கேரளாவைப் பார்க்கச் சொல்வேன். 1993-ல் கோழிக்கோட்டில் நோயின் வலியைத் தணிக்கும் சிகிச்சைக்கென ஒரு சின்ன சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் பக்கம் அது ஊர் ஊராகப் பரவியது. அந்தந்த ஊர் ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்கள் கொடுக்கும் சிறு சிறு தொகைகளில் நடந்தது. 2008-ல் அரசாங்கமே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டு உள்ளாட்சிகள் வழியாக நர்ஸ்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது. முதலில் ஊர் செய்தது, பிறகு அரசு வந்து சேர்ந்துகொண்டது. ஊர்ப் பணத்தை ஒன்றாகச் சேர்ப்பதில் நாம் மலையாளிகளுக்கு இளைத்தவர்கள் இல்லை. தலைக்கட்டு வரி என்ற ஏற்பாடு நம் கையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! துபாயில் இருப்பவர்கூட வரி பாக்கி வைப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து மாதம் 12,000 வீதம் சம்பளம்: 24,000. காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று வீடு வீடாகப் போக வேண்டும். மாத்திரை டப்பாவைப் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, அங்கே தங்குவது அவர்கள் வேலை. மாத்திரையைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், காசு வேண்டாம். ஒரு ஆட்டோவை, தாழ்ந்த படி வைத்து, டிரைவரோடு மாத வாடகைக்குப் பிடித்தால் 18,000. மெஸ் அக்காவுக்குக் கைக்கு ஒரு ஆளும் சாமான் செலவும் சேர்த்து 25,000. ஆக மாதம் 67,000. வருடத்துக்கு 8 லட்சம். 640 தலைக்கட்டுக்கு நீங்கள் வசூலிக்கப் போவது, அரை வரி போக, சுமார் 30 லட்சம். அதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கேட்கிறேன். மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கைவைக்கச் சொல்லவில்லை. வளைவு ஒன்றை மட்டும் தள்ளி வையுங்கள்.

இதற்கு உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். அம்மாவை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்பீர்கள். எத்தனையோ பேர் கூட்டிக்கொண்டும் போனீர்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்து என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். மருமகளைப் பற்றி யாரும் தப்பாகச் சொன்னதில்லை. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் ராத்திரி ஏழு வரை மூன்றாவது மாடியில் பேச ஆள் இல்லை, வாசலில் உட்கார வாசலும் இல்லை என்றார்கள். பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எழுபது வருடம் பழகிய மண்ணில் கண் தெரியாமல்கூட அவர்களால் நடந்துவிட முடிகிறது.

முதியோர் இல்லம் கட்டலாமே என்று போன கூட்டத்தில் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுக்கு வீடு இருக்கிறது. 31 வீட்டில் 12 பூட்டிக் கிடக்கும் தெருவில் இன்னொரு கட்டடம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். தலைக்கட்டு வரி நம் ஊரில் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. காலனியில் யாரிடமும் வரி வாங்குவது கிடையாது, கோவில் மரியாதையிலும் அவர்களைச் சேர்ப்பது கிடையாது. அங்கேயும் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் கிழவிகள் தனியாக இருக்கிறார்கள். நம் ஊர் பெயருக்கு டவுன், பேரூராட்சி. அதனால் பக்கத்து ஊராட்சிகளில் வயதான பெண்களுக்கு நாலு காசு தந்த நூறு நாள் வேலைகூட இங்கே இருப்பவர்களுக்கு இருந்ததில்லை. உதவித்தொகை ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து பணம் வருகிற வீடுகளைவிட அவர்களுக்குத்தான் இந்த ஆட்டோவும் சாப்பாடும் முதலில் தேவை. நான் கேட்பது எல்லாத் தெருவுக்கும் சேர்த்து. வரி கொடுத்த வீட்டுக்கு மட்டும் என்று முடிவெடுத்தால் எனக்கு அதில் பங்கு வேண்டாம். அத்தையின் பாடையைத் தூக்கிய தோள் எந்தத் தெரு, எந்த ஊர் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோவில் மண்டபத்தில் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோவில் சேருவீர்கள். எல்லாத் தெருவிலும் தனியாக இருப்பவர்களின் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் என்ன மாத்திரை, யாருக்குக் கண் தெரியாது, யார் வீட்டுச் சாவி யாரிடம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பொதுவில் படிக்க மாட்டேன். பொறுப்பெடுத்துக்கொள்கிற இரண்டு பேரிடம் கொடுப்பேன். மெஸ் அக்காவையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்தது எனக்குக்கூடத் தெரியாது. ஆனால் எட்டு மணிக்கு அவரால் வர முடியாது. தூக்குவாளிகளைக் கொடுத்து முடிக்கப் பத்தாகிவிடும். தயவுசெய்து கூட்டத்தைப் பத்தரைக்கு மாற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
கடைவீதி மெடிக்கல் கடைக்காரன்